ஒரே பெல்லட்டில் ஆன்டிஃபெரோ காந்தமும் மீக்கடத்தலும்: உண்மையான உடனிருப்பா, கூடுதல் ஆக்சிஜன் செய்யும் வேலையா?

கேள்வி | செம்புத்தளம்

வணக்கம். லாந்தனம் குடும்பத்துத் தாமிர ஆக்சைடு பெல்லட்டுகள் (அழுத்திச் சுட்ட வில்லைகள்) நான்கின் காந்த அளவீடுகள் கையில் உள்ளன. ஒன்றில் ஆன்டிஃபெரோ காந்தமும் (ஸ்பின் என்னும் பக்கத்து அணுக்களின் நுண்காந்தங்கள் எதிரெதிராக நிற்கும் ஒழுங்கு) மீக்கடத்தலும் (தடையற்ற மின்னோட்டம்) சேர்ந்தே தெரிகின்றன. இரண்டு இடங்களில் விளக்கம் பிடிபடவில்லை. எண்களோடு தருகிறேன்.

முதலாவது, எதுவும் சேர்க்காத தாய்ச்சேர்மம்: லாந்தனம் இரண்டு, தாமிரம் ஒன்று, ஆக்சிஜன் நான்கு. இனி எல்.சி.ஓ. என்று எழுதுகிறேன். 950 °செ-இல் ஒரு முறை, 1,030 °செ-இல் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 24 மணி நேரம், நடுநடுவே அரைப்பு. கடைசிச் சூட்டுக்குப் பின் ஆக்சிஜன் ஓட்டத்தில் நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் ஆறவிட்டது. எக்ஸ்.ஆர்.டி.-யில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை) வேற்றுக் கோடு இல்லை. 1 டெஸ்லா புலத்தில் காந்த ஏற்புத்திறன் (புலத்துக்குப் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்பது) 247 கெல்வினில் தெளிவாக முகடு கட்டுகிறது. அதே துண்டை 10 ஓர்ஸ்டெட்டில் அளந்தால் 33 கெல்வினுக்குக் கீழே டயா காந்தம் (புலத்தை வெளியே தள்ளுதல், மீக்கடத்தலின் அடையாளம்) வருகிறது. புலமின்றிக் குளிர்வித்து அளந்த மதிப்பு 5 கெல்வினில் கிராமுக்கு −4.5 × 10⁻⁵ இ.எம்.யூ. புலத்தோடு குளிர்வித்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு.

மற்ற மூன்றும் ஸ்ட்ரான்ஷியம் சேர்த்த எல்.எஸ்.சி.ஓ. அளவுகள் 0.10, 0.125, 0.15, டி.சி. (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை) முறையே 29, 27, 37 கெல்வின். நடுவில் விழும் குழி, எட்டில் ஒரு பங்கு என்ற அளவில் மட்டும் டி.சி. சரியும் பழைய விவகாரம் என்பது தெரியும். ஆனால் அந்த 0.125-இல் காந்த ஒழுங்கு இருப்பதாக எல்லோரும் எழுதுகிறார்கள். ஸ்க்விட் (மிக நுண்ணிய காந்தமானி) அளவீட்டில் அதற்கு ஒரு தடயமும் இல்லை.

கேட்க விரும்புவது: (1) எல்.சி.ஓ. துண்டில் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா, பக்கத்துப் பக்கத்திலா? (2) 0.125-இல் அந்தக் காந்த ஒழுங்கை எதை வைத்துப் பார்ப்பது? (3) அடுத்து தாமிரத்தில் 1 சதவீதத்தைத் துத்தநாகமாக மாற்றப் போகிறேன். எதில் கவனம் வேண்டும்?

---

பதில் 1 | குளிர்மானி

பக்கத்துப் பக்கத்தில்தான். அதை உங்கள் எண்களே சொல்கின்றன.

−4.5 × 10⁻⁵ என்பதைக் கன அளவுப் பங்காக மாற்றுங்கள். மாதிரி முழுவதும் புலத்தை வெளியே தள்ளினால் ஏற்புத்திறன் கன சென்டிமீட்டருக்கு −0.0796. எல்.சி.ஓ.-வின் அடர்த்தி கிட்டத்தட்ட 7.1. வகுத்தால் கிராமுக்கு −0.0112. உங்களுடையது அதில் 0.4 சதவீதம்.

இந்த 0.4-ஐ அப்படியே நம்பிவிடவும் கூடாது. மணியின் அளவு புலம் ஊடுருவும் ஆழத்துக்கு அருகில் வந்துவிட்டால் டயா காந்தம் குறைத்தே தெரியும். கோள வடிவ மணியின் ஆரம் ஊடுருவு ஆழத்துக்குச் சமம் என்றால், மணி முழுக்க மீக்கடத்தியாக இருந்தாலும் அளவீட்டில் வருவது 6 சதவீதம்தான். இந்தக் குடும்பத்தில் தளத்தோடு ஒட்டிய ஊடுருவு ஆழம் 0.2 மைக்ரான் அளவு; தளங்களுக்குச் செங்குத்தான சி அச்சு வழியாகப் பாயும் மின்னோட்டத்துக்குப் பல மைக்ரான். ஆகவே உங்கள் துண்டில் மீக்கடத்தும் பகுதி உண்மையில் சில சதவீதம்கூட இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் பெரும்பகுதி அல்ல. சில சதவீதத்துக்குக் கீழே உள்ளதை எக்ஸ்.ஆர்.டி. காட்டாது, அதனால் "வேற்றுக் கோடு இல்லை" என்பது இங்கே சாட்சியாகாது.

இப்போது 247. ஆக்சிஜன் சரியாக நான்கு இருக்கும் எல்.சி.ஓ.-வின் நீல் வெப்பநிலை (ஆன்டிஃபெரோ ஒழுங்கு தொடங்கும் இடம்) சுமார் 325 கெல்வின். கூடுதலாக நுழையும் ஒவ்வோர் ஆக்சிஜன் அணுவும் தாமிரத் தளத்துக்கு இரண்டு ஹோல்களை (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்களை) தருகிறது. தளத்தில் தாமிரத்துக்கு 0.02 ஹோல் சேர்ந்தாலே நீண்ட தூர ஆன்டிஃபெரோ ஒழுங்கு போய்விடும். கூடுதல் ஆக்சிஜன் 0.01-ஐத் தொட்டாலே போதும் என்று பொருள். ஆனால் இங்கே இன்னொன்று நடக்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால், அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்கும்போது பொருள் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதியில் ஆக்சிஜன் ஏறத்தாழ சரியான அளவில் இருக்கும். அதன் நீல் வெப்பநிலை 250 கெல்வின் பக்கம். மற்றதில் ஆக்சிஜன் குவிந்திருக்கும். அது உலோகம், 30-40 கெல்வினில் மீக்கடத்தியாகும். இடைவெளியில் நுழைந்த ஆக்சிஜன் 200 கெல்வின் அளவிலும் நகரக்கூடியது என்பதால்தான் இந்தப் பிரிவு சாத்தியமாகிறது. உங்கள் 247, 33 என்ற ஜோடி இந்தப் பிரிவின் கைரேகை. ஆக்சிஜன் ஓட்டத்தில் மெதுவாக ஆறவிட்டது எல்.எஸ்.சி.ஓ.-வுக்கு நல்லது, தாய்ச்சேர்மத்துக்கு அதுவேதான் கெடுதல்.

உறுதி செய்ய இரண்டு சோதனைகள்.

அதே துண்டை 700-750 °செ-இல் ஆர்கான் ஓட்டத்தில் 12 மணி நேரம் வையுங்கள். அறை வெப்பநிலைக்கு வரும்வரை ஆர்கானை நிறுத்தாதீர்கள். 500 °செ-இல் குழாயைத் திறந்தால் வெளியேறிய ஆக்சிஜன் திரும்ப நுழைந்துவிடும். சிலிண்டர் ஆர்கானில் இருக்கும் சிறிதளவு ஆக்சிஜனை, சூடான டைட்டானியம் துருவல் வழியாக அனுப்பி நீக்கிக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் கலந்த வாயு வேண்டாம்; தாமிரம் ஒடுக்கப்பட்டுப் பொருளே சிதையும். இதன் பிறகு முகடு 300-ஐத் தாண்டி ஏறி, 33 கெல்வின் டயா காந்தமும் மறைந்தால் கூடுதல் ஆக்சிஜன்தான் காரணம்.

முகடு ஏறியும் டயா காந்தம் அப்படியே நின்றால், சந்தேகிக்க வேண்டியது உரல். எல்.எஸ்.சி.ஓ. அரைத்த அதே அகேட் உரலில் எல்.சி.ஓ.-வையும் அரைத்திருந்தால், 5 கிராமில் 0.4 சதவீதம் என்பது 20 மில்லிகிராம்தான். உரலின் வளைவில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பொடி அந்த அளவு வரும். ஸ்ட்ரான்ஷியம் ஆர்கானுக்கு வெளியேறாது.

இரண்டாவது சோதனை ஆர்கானுக்கு முன்பே செய்ய வேண்டியது. 300-இலிருந்து 100 கெல்வினுக்கு நிமிடத்துக்கு 10 கெல்வின் வீதம் இறக்கி ஒரு முறை அளவிடுங்கள். மறுமுறை 200 கெல்வினில் ஆறு மணி நேரம் நிறுத்திவிட்டு இறக்குங்கள். ஆக்சிஜன் பிரிவு என்றால் இரண்டாம் முறை டயா காந்தம் கூடும். ஸ்ட்ரான்ஷியம் தூசி என்றால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை, கட்டாயம் செய்யுங்கள்.

அயோடின் டைட்ரேஷன் செய்து ஆக்சிஜனைக் கணக்கிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அதன் பிழை 0.005 பக்கம். நாம் தேடும் வேறுபாடே அவ்வளவுதான். எல்.சி.ஓ.-வில் ஆக்சிஜனை அளக்க நீல் வெப்பநிலையைவிட நுட்பமான கருவி இல்லை.

ஸ்க்விட் தரும் போலிகள் மூன்றையும் விலக்கிக்கொள்ளுங்கள். மாதிரி அறையில் காற்று கசிந்தால், உறைந்த ஆக்சிஜன் 44 கெல்வினுக்கு அருகே காந்த மாற்றம் அடைவதால் 40-60 கெல்வினில் ஒரு மேடு எழும். அது சரியாக நம் பொருளின் டி.சி. வட்டாரத்தில் வந்து உட்காரும். பெரிய புலத்தில் ஓட்டிய பிறகு காந்தச் சுருளில் சில ஓர்ஸ்டெட் தங்கிவிடும். அதைத் தணித்துச் சுழியாக்காமல் 10 ஓர்ஸ்டெட் அளவீடு எடுத்தால், புலமின்றிக் குளிர்வித்தது என்று நாம் நினைப்பது உண்மையில் புலத்தோடு குளிர்வித்ததாக இருக்கும். மூன்றாவது, 1 டெஸ்லாவில் 50 மில்லிகிராம் எல்.சி.ஓ. தரும் காந்தத் திருப்புத்திறன் 10⁻⁴ இ.எம்.யூ. அளவு, ஜெலட்டின் கேப்ஸ்யூலின் டயா காந்தமும் அதே அளவில் வரும். 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் எடுத்துச் சீரான ஸ்ட்ராவில் வையுங்கள்.

ஒரு சிறு சேர்க்கை. ஆன்டிஃபெரோ காந்தத்துக்கு ஏன் இவ்வளவு கூர்மையான முகடு என்று தோன்றியிருக்கலாம். எல்.சி.ஓ.-வின் எண்முகிகள் (தாமிரமும் அதைச் சுற்றிய ஆறு ஆக்சிஜன்களும்) சாய்ந்திருப்பதால் ஸ்பின்கள் தளத்திலிருந்து ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு மட்டும் எழுந்து நிற்கின்றன. ஒவ்வொரு தளத்துக்கும் மெல்லிய ஃபெரோ காந்தம் உண்டு. அடுத்த தளத்தில் அது எதிர்த்திசையில் இருப்பதால் மொத்தம் சுழி. நீல் வெப்பநிலையில் தெரியும் முகடு இந்தச் சாய்வின் பரிசு. சாய்வு இல்லாவிட்டால் ஸ்க்விட்டில் அங்கே ஒரு சிறு வளைவுகூடத் தெரிந்திருக்காது.

---

பதில் 2 | மியூவான் மேசை

குளிர்மானி சொன்னதில் எனக்கு உடன்பாடு. இரண்டாம் கேள்விக்கு வருகிறேன், அங்கேதான் விஷயம் ஆழமாகிறது.

ஸ்ட்ரான்ஷியம் 1,000 °செ-இல் உட்கார்ந்த இடத்திலேயே உறைந்துவிடும். ஆகவே எல்.சி.ஓ.-வில் நடந்த பெரிய அளவுப் பிரிவு எல்.எஸ்.சி.ஓ.-வில் நடக்க வழியில்லை. ஹோல்களும் ஸ்பின்களும் நானோமீட்டர் அளவில்தான் ஒன்றையொன்று விலக்கிக்கொள்ள முடியும். 1988-இல் புரூக்ஹேவனில் மூடன்பா குழு பேரியம் சேர்த்த எல்.பி.சி.ஓ.-வில் ஹோல் எட்டில் ஒரு பங்காகும் இடத்தில் மட்டும் டி.சி. சரிந்து விழுவதைக் கண்டது. காரணம் 1995-இல் தெரிந்தது. நியோடிமியமும் 0.12 ஸ்ட்ரான்ஷியமும் சேர்த்த படிகத்தில் டிராங்குவாடா குழு நியூட்ரான் சிதறலில் வரி வரியான ஒழுங்கைக் கண்டது. மின்னூட்டம் நான்கு தாமிரத்துக்கு ஒரு முறை திரும்ப வரும். ஸ்பின் எட்டுக்கு ஒரு முறை. ஹோல் நிறைந்த ஒவ்வொரு வரியையும் தாண்டும்போது ஆன்டிஃபெரோ ஒழுங்கு தலைகீழாகிறது. அதனால்தான் ஸ்பின்னுக்கு இரட்டிப்பு நீளம்.

எதிரெதிர் ஸ்பின்களின் கூட்டல் எங்கும் சுழி. ஸ்க்விட் மாதிரி முழுவதையும் கூட்டிச் சொல்லும் கருவி. இதுபோதாதென்று 27 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தலின் டயா காந்தம் ஆயிரம் மடங்கு பெரிதாக மேலே கவிழ்கிறது. எனவே ஸ்க்விட்டில் தெரியாதது மாதிரியின் குறை அல்ல.

பார்க்க வழி இரண்டு.

ஒன்று நியூட்ரான். சிதறல் வரைபடத்தில் ஆன்டிஃபெரோ சிகரம் இருக்க வேண்டிய அரை, அரை என்ற இடத்தில் ஒன்றும் இருக்காது. அதைச் சுற்றி நான்கு சிகரங்கள் வரும். நடுவிலிருந்து விலகல், தலைகீழ் அணிக்கோவை அலகில், ஹோல் அளவுக்கு ஏறத்தாழச் சமம். 0.12-இல் 0.12. பாலிகிரிஸ்டல் பெல்லட்டில் இது முடியாது. ஒவ்வொரு தாமிரத்தின் ஒழுங்குற்ற திருப்புத்திறனும் சிறியது, பொடியில் சிகரம் வட்டமாகப் பரவிப் பின்னணியில் கரைந்துவிடும். மிதக்கும் மண்டல உலையில் வளர்த்த சில கிராம் ஒற்றைப் படிகம் வேண்டும்.

மற்றது மியூவான், மாதிரிக்குள் செலுத்தினால் அங்குள்ள காந்தப் புலத்தை உணர்ந்து சொல்லும் அடிப்படைத் துகள். இதற்கு உங்கள் பெல்லட்டே போதும். 20 மில்லிமீட்டர் விட்டம், 1 முதல் 2 கிராம். வெள்ளித் தகட்டில் ஒட்டுங்கள், வெள்ளியின் அணுக்கரு காந்தம் புறக்கணிக்கத்தக்க அளவு சிறியது. புலமில்லாமல் அளந்தால், ஒழுங்குற்ற எல்.சி.ஓ.-வில் மியூவான் உணரும் உட்புலம் சுமார் 40 மில்லி டெஸ்லா. 5-6 மெகா ஹெர்ட்ஸில் அலைவு தெரியும். இந்த முறையின் அருமை ஒன்று உண்டு. அலைவின் அதிர்வெண் ஒழுங்குற்ற திருப்புத்திறனைச் சொல்கிறது, அலைவின் வீச்சு அந்த ஒழுங்கு மாதிரியில் எத்தனை பங்கு இடத்தில் உள்ளது என்பதைத் தனியாகச் சொல்கிறது. சிதறல் முறையில் இந்த இரண்டும் பெருக்கலாகக் கலந்துதான் வரும். பாதி இடத்தில் வலுவான காந்தமா, முழு இடத்தில் மெல்லிய காந்தமா என்று பிரிக்க முடியாது.

சாவிச்சி முதலானோர் 2002-இல் இதை வைத்தே ஒரு பழைய முடிச்சை அவிழ்த்தார்கள். ஆக்சிஜனை 0.11 வரை ஏற்றிய எல்.சி.ஓ. படிகத்தில் காந்த ஒழுங்கும் மீக்கடத்தலும் ஒரே 42 கெல்வினில் தொடங்குகின்றன. நியூட்ரானில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மியூவான் வீச்சு சொன்னது: காந்தம் 40 சதவீத இடத்தில்தான். எல்.எஸ்.சி.ஓ. 0.12-இல் 18 சதவீதம். காந்தத் தீவுகளின் ஆரம் 15 முதல் 50 ஆங்ஸ்ட்ராம். மீக்கடத்தலின் ஒத்திசைவு நீளமும் ஏறத்தாழ இதே அளவு என்பதைக் கவனியுங்கள். மீக்கடத்தும் எலக்ட்ரான் ஜோடிகள் தீவுகளுக்கு நடுவே நுழைந்து போக இடம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மியூவான் 20 ஆங்ஸ்ட்ராம் தூரத்துத் திருப்புத்திறனையும் உணரும். அதைவிட நெருக்கமாகக் காந்தமும் காந்தமின்மையும் மாறிமாறி வந்தால் முழு இடமும் காந்தம் என்றே பதிவாகும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 0.12-இல் நியூட்ரான் ஒழுங்கு தொடங்குவது 30 கெல்வின் என்பார்கள். மியூவான் 20 அல்லது அதற்கும் கீழே என்னும். இரண்டும் சரி. நியூட்ரான் 10⁻¹¹ நொடிக்கு அசையாமல் இருப்பதையே "நிலையானது" என்று பதிவு செய்துவிடும். மியூவானுக்கு அதே ஸ்பின் மைக்ரோ நொடி அளவுக்கு உறைந்திருக்க வேண்டும். ஸ்பின்கள் படிப்படியாக மந்தமாகி உறைகின்றன. கேட்பவருக்கு ஏற்ப பதில் மாறுகிறது. காந்த ஒழுங்கு வெப்பநிலை என்று ஓர் எண்ணை யார் சொன்னாலும் எதை வைத்து என்று கேளுங்கள்.

எல்.எஸ்.சி.ஓ.-வைவிட எல்.பி.சி.ஓ. 0.125 செய்து பாருங்கள் என்பேன். பேரியம் பெரிய அயனி. 55 கெல்வின் பக்கம் எண்முகிகளின் சாய்வுத் திசை மாறி அமைப்பு நாற்கோணமாகிறது, அது வரிகளை இறுகப் பிடித்துக்கொள்கிறது. மின்னூட்ட ஒழுங்கு 54, ஸ்பின் ஒழுங்கு 40-42 கெல்வின். முழு அளவு மைஸ்னர் விளைவு (புலத்தை முழுக்க வெளியே தள்ளுதல்) 4-5 கெல்வினில்தான். ஆனால் 40 கெல்வினிலேயே தளத்துக்கு இணையான மின்தடை திடுமெனச் சரிகிறது, 16 கெல்வினில் சுழியாகிறது. ஒவ்வொரு தளமும் தனித்தனியே மீக்கடத்துகிறது. ஒரு தளத்தில் வரிகள் கிடக்கும் திசைக்கு அடுத்த தளத்து வரிகள் செங்குத்து என்பதால் தளங்களிடையே ஜோசப்சன் இணைப்பு (ஜோடிகள் தளம் விட்டுத் தளம் தாவுவது) அடிபட்டுப்போகிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். காந்தம் மீக்கடத்தலைக் கொல்கிறது என்று இந்தச் சரிவைப் படித்துக்கொண்டிருந்தோம். ஜோடிகள் 40 கெல்வினிலேயே உருவாகிவிட்டன, கைகோக்க முடியாமல் தவிக்கின்றன என்று இன்று படிக்க வேண்டியிருக்கிறது.

---

பதில் 3 | உலைக்கூடம்

அளவீட்டைப் பற்றி எழுதியாயிற்று. 0.125 என்று பெட்டியில் எழுதியதால் அது 0.125 ஆகிவிடாது. எட்டில் ஒரு பங்குக் குழி மிகக் குறுகலானது, எடை போடுவதிலேயே தவறிவிடலாம்.

10 கிராம் எல்.எஸ்.சி.ஓ. 0.125-க்கு: லாந்தனம் ஆக்சைடு 7.6564 கிராம், ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட் 0.4626 கிராம், குப்ரிக் ஆக்சைடு 1.9939 கிராம்.

தொல்லை முழுவதும் முதல் பொருளில். லாந்தனம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஹைட்ராக்சைடாகும். புட்டியைச் சில வாரம் திறந்து மூடினால் பொடி பொங்கிப் பருத்து, கரண்டியில் எடுத்தால் மாவுபோல் கட்டி உடையும். 2 சதவீதம் ஈரமும் கார்பன் டையாக்சைடும் ஏறிய பொடியை அப்படியே எடை போட்டால் லாந்தனம் 2 சதவீதம் குறைகிறது. கணக்குப் போட்டால் ஸ்ட்ரான்ஷியம் 0.125 அல்ல, 0.1274, தாமிரத்தில் 1.9 சதவீதம் இடமில்லாமல் குப்ரிக் ஆக்சைடாக மிஞ்சும். அதுவும் சும்மா இருக்காது. குப்ரிக் ஆக்சைடே 230, 213 கெல்வினில் ஆன்டிஃபெரோ மாற்றங்கள் கொண்டது. வெப்பக் கொள்ளளவில் அவை கூர்மையாகத் தெரிந்து எல்.சி.ஓ.-வின் நீல் முகட்டோடு குழப்பும்.

ஆகவே 950 °செ-இல் இரவு முழுதும் வைத்து, 200 °செ-க்கு இறங்கியதும் வெளியே எடுத்து, டெசிக்கேட்டரில் ஆறவைத்து, உடனே எடை போடுங்கள். பத்து நிமிடம் தராசுத் தட்டில் வைத்து எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அந்தப் பொடி இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ரான்ஷியம், பேரியம் கார்பனேட்டுகளுக்கு 150-200 °செ போதும்.

தூய்மை 99.99 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. லாந்தனத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கடோலினியம் கலந்திருந்தால், மோலுக்கு 0.0016 இ.எம்.யூ. கெல்வின் கியூரி மாறிலி (தனித்த ஸ்பின்கள் எவ்வளவு என்று காட்டும் எண்) கூடுதலாக வரும். தாமிரத்தில் 0.4 சதவீதம் தனித்த ஸ்பின் இருப்பதுபோலத் தெரியும். தாழ்வெப்பநிலையில் ஏறும் வாலைத் தளத்தின் இயற்பியல் என்று விளக்கி எழுதிய பிறகு, அது லாந்தனம் புட்டியிலிருந்து வந்தது என்று தெரிந்தால் எத்தனை மாத வேலை வீண்!

சூடேற்றுவதில் உங்கள் அட்டவணை சரியே. பெல்லட்டை அலுமினா மீது நேரே வைக்காதீர்கள், தாமிர ஆக்சைடு அலுமினாவோடு வினைபுரியும். அதே கலவைப் பொடியை 2 மில்லிமீட்டர் பரப்பி அதன்மேல் வையுங்கள். அடியில் ஒட்டிய பொடியைக் குப்பையில் போடுங்கள், திரும்பச் சேர்க்க வேண்டாம். எல்.பி.சி.ஓ.-வுக்குப் பேரியம் கார்பனேட் பிடிவாதமானது. 950-இல் இரண்டு முறை, பிறகு 1,050-இல் குறைந்தது மூன்று முறை அரைத்து அரைத்துச் சுடுங்கள். பேரியம் சீராகப் பரவாத பெல்லட்டில் 0.10-உம் 0.15-உம் ஒன்றாகக் கிடக்கும். அதில் 25-30 கெல்வினில் வரும் டயா காந்தத்தை இரண்டு பரிமாண மீக்கடத்தல் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

பெல்லட்டை ஒரு வாரம் திறந்தே வைத்துப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்து உதிர்ந்தால் வினைபுரியாத லாந்தனம் ஆக்சைடு உள்ளே இருக்கிறது. எக்ஸ்.ஆர்.டி. தவறவிடுவதை இது பிடித்துக்கொடுக்கும்.

---

தொடர் கேள்வி | செம்புத்தளம்

மூவருக்கும் நன்றி. 200 கெல்வின் நிறுத்தச் சோதனையை முதலில் செய்கிறேன், பிறகு ஆர்கான். உரல் இரண்டு வகைக்கும் பொதுவானதுதான், புதியதை ஒதுக்குகிறேன்.

ஒன்று உறுத்துகிறது. எல்.சி.ஓ.-வில் காந்தமும் மீக்கடத்தலும் வெவ்வேறு இடம், 0.12-இல் தீவுகள். அப்படியானால் இரண்டும் எதிரிகள் என்றுதானே முடிவு? காந்தத்திலிருந்தே மீக்கடத்தல் பிறக்கிறது என்பதற்கு என்ன இடம் இருக்கிறது?

---

பதில் 4 | ஜோடிக்கணக்கு

உறைந்த காந்தம் எதிரி. அசையும் காந்தம் வேறு. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதில்தான் குழப்பம்.

தாமிரத்தில் ஒன்பது டி எலக்ட்ரான்கள், ஒரு தனி ஸ்பின். நடுவிலுள்ள ஆக்சிஜன் வழியாக அடுத்த தாமிரத்தோடு வரும் பரிமாற்ற ஆற்றல் சுமார் 130 மில்லி எலக்ட்ரான் வோல்ட், வெப்பநிலையில் 1,500 கெல்வின். இயற்கையில் இவ்வளவு வலுவான ஆன்டிஃபெரோ பிணைப்பு அரிது. ஹோல் சேர்ந்து நீல் ஒழுங்கு மறைந்தாலும் இந்தப் பிணைப்பு மறைவதில்லை. மீக்கடத்தும் மாதிரிகளிலும் அதே ஆற்றலில் ஸ்பின் அலைகளின் மிச்சம் தெரிகிறது என்று எக்ஸ் கதிர் ஒத்திசைவுச் சிதறல் 2011 முதல் காட்டி வருகிறது. யட்ரியம் குடும்பத்தில் (யட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு) டி.சி.-க்குக் கீழே 41 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு காந்தச் சிகரம் எழுவதை ரோசா-மிஞ்ஞோ குழு 1991-இல் கண்டது. மீக்கடத்தல் தொடங்கும்போது ஸ்பின்கள் தங்கள் அசைவை மாற்றிக்கொள்கின்றன என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டுமா?

1987-இல் பிரின்ஸ்டனில் ஆண்டர்சன் முன்வைத்தது இதன் மறுபக்கம்: அடுத்தடுத்த ஸ்பின்கள் ஜோடி ஜோடியாகப் பிணைந்து, பிணைப்பு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது, ஹோல் வந்ததும் அந்த ஜோடிகளே மின்னோட்டம் சுமக்கும் ஜோடிகளாகின்றன. அதைக் கணக்காக எழுதிக் காட்டிய அதே ஆண்டுக் கட்டுரை பாஸ்கரன், சோ, ஆண்டர்சன் மூவருடையது. அந்தப் பாஸ்கரன்தான் சென்னைத் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன். காந்தம்தான் முழுக் காரணமா, அணிக்கோவை அதிர்வுக்கும் பங்கு உண்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் ஜோடிகளின் வடிவம் டி அலை (திசைக்குத் திசை குறி மாறுவது) என்பது தீர்ந்தது, 1994-இல் ஐ.பி.எம்.-இல் சூயியும் கர்ட்லியும் மூன்று படிகங்கள் சந்திக்கும் வளையத்தில் அரைக் காந்தப் பாயக் குவாண்டம் சிக்கியிருப்பதைப் படமெடுத்தார்கள். ஆன்டிஃபெரோ அசைவிலிருந்து ஜோடி பிறந்தால் வர வேண்டிய வடிவமும் அதுவே.

புலம் போட்டுப் பார்ப்பது இந்தப் போட்டியை நேரடியாகக் காட்டும். பெல்லா லேக் குழு 2002-இல் எல்.எஸ்.சி.ஓ. 0.10-இல் புலத்தைக் கூட்டக் கூட்ட, நிலையான ஆன்டிஃபெரோ சிகரம் வலுப்பதைக் கண்டது. புலம் உள்ளே நுழையும் சுழல்களில் மீக்கடத்தல் தளரும்போது உள்ளே அடக்கி வைத்திருந்த காந்தம் உறைகிறது.

எல்லாக் காந்தமும் இந்த ஆட்டத்தில் இல்லை என்பதையும் பாருங்கள். யட்ரியத்தின் இடத்தில் கடோலினியம் வைத்தால் 7 போர் மேக்னட்டான் திருப்புத்திறன் அணுவுக்கு அணு நிற்கிறது, ஆனாலும் டி.சி. 92 கெல்வின்தான். 2.2 கெல்வினில் கடோலினியம் ஆன்டிஃபெரோ ஒழுங்கு அடையும்போதும் மீக்கடத்தல் அசையவில்லை. தாமிரத் தளங்களுக்கு நடுவே அது அமர்ந்திருக்கிறது, மின்னோட்டம் சுமக்கும் ஹோல்களோடு அதற்குப் பேச்சே இல்லை. காந்தம் எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம்.

---

பதில் 5 | உலைக்கூடம்

துத்தநாகம் பற்றிய மூன்றாம் கேள்வி பதிலில்லாமல் நிற்கிறது.

ஈயம், அலுமினியம் போன்ற பழைய மீக்கடத்திகளில் காந்த மாசு கொல்லும், காந்தமற்ற மாசு தொடாது. இங்கே துத்தநாகத்துக்குத் தனி ஸ்பின் இல்லை; ஆனாலும் எல்.எஸ்.சி.ஓ. 0.15-இல் 2.5-3 சதவீதம் போட்டால் மீக்கடத்தல் முழுவதும் போய்விடும். யட்ரியம் குடும்பத்தில் ஸ்பின் உள்ள நிக்கலைவிடத் துத்தநாகம்தான் டி.சி.-யை அதிகம் இறக்கும். டி அலை ஜோடிக்கு எந்தச் சிதறலும் கெடுதல், துத்தநாகம் மிக வலுவாகச் சிதறடிக்கும். மியூவான் அளவீட்டின்படி ஒவ்வொரு துத்தநாகமும் தன்னைச் சுற்றி 18 ஆங்ஸ்ட்ராம் ஆர வட்டத்தில் மீக்கடத்தலை அழிக்கிறது. ஓட்டை போட்ட பாலாடைக்கட்டி மாதிரி. அந்த ஓட்டையின் விளிம்புத் தாமிரங்களில் காந்தம் தலைகாட்டுகிறது. உங்கள் கியூரி வால் (தாழ்வெப்பநிலையில் ஏறும் அந்த வால்) கூடுவது அதனால்தான், அதை மாசு என்று கழித்துவிடாதீர்கள்.

1 சதவீதம் மட்டும் செய்யாதீர்கள். 0, 0.5, 1, 1.5, 2 என்று ஐந்தும் ஒரே தொகுதிப் பொடியில் செய்யுங்கள். சரிவுதான் பேசும், தனி எண் பேசாது. 10 கிராமுக்கு 1 சதவீதம் என்பது துத்தநாக ஆக்சைடு 20.4 மில்லிகிராம், அதற்கேற்பக் குப்ரிக் ஆக்சைடு 1.9740 கிராமாகக் குறையும். இந்த 20 மில்லிகிராமை லாந்தனத்தின் மேல் கொட்டி அரைத்தால் சீராகப் பரவாது. முதலில் குப்ரிக் ஆக்சைடோடு மட்டும் சேர்த்து அசிட்டோனில் அரை மணி நேரம் அரைத்து, அந்தக் கலவையை மற்றவற்றோடு சேருங்கள். பரவியதா என்பதை மாற்றத்தின் அகலம் சொல்லும்: துத்தநாகம் கூடக்கூட டி.சி. இறங்க வேண்டும், டயா காந்தத் தொடக்கம் பழைய 37-இலேயே நின்று வளைவு மட்டும் நீண்டு இழுத்தால் துத்தநாகம் எட்டாத மணிகள் உள்ளே இருக்கின்றன. திரும்ப அரைத்து இன்னொரு சூடு கொடுங்கள்.